தோளில் இருந்த கை

அன்று பனி பெய்ததா என்பது எனக்கு நிச்சயமில்லை. அலெப்போவில், சலவைத் தொட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து, வார்த்தெர் இதை என்னிடம் மூன்று தடவை சொன்னாள். முதல் தடவை நல்ல வெயில் என்றாள். அடுத்த தடவை மொட்டை மாடி முழுக்க ஈரம் என்றாள். மூன்றாம் தடவை வானத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. மாடியில் எத்தனை பேர் நின்றார்கள் என்பதும் ஒவ்வொரு தடவையும் ஒன்று கூடும், ஒன்று குறையும். அதை மட்டும் நான் திருத்தப் போகவில்லை. நடந்ததெல்லாம் அந்த ஒன்றால் நடந்ததுதான். மற்றபடி அவள் மறந்த இடங்களில் என் ஊகம் எங்காவது கலந்திருந்தால், பழி என்னுடையது.

வெரின்ஷென் சின்ன ஊர். ஒரு சந்தை, இரண்டு தேவாலயம், ஒரு மசூதி, ஆற்றங்கரையில் வரிசையாகச் சாயப்பட்டறைகள். அந்த ஊரில் இருபத்து நான்கு வருஷமாக முகங்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தவர் ஹம்பார்சும் போயாஜியான். ஊருக்கு அவர் ஹம்பார் உஸ்தா, தொழில் தெரிந்த ஆசான். வார்த்தெருக்குக் கணவர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அன்று காய்ச்சலோ என்று அவள் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள்.

சாயக்காரர் மகன் அவர். பத்தொன்பது வயதில் அவுரிக் கட்டி வாங்கிவர அப்பா அவரைச் சம்சுன் துறைமுகத்துக்கு அனுப்பினார். போனவர் எட்டு மாதம் கழித்து, அவுரிக்குப் பதில் ஒரு மரப்பெட்டியும் கண்ணாடித் தகடுகளுமாகத் திரும்பி வந்தார். அப்பா ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒரு நாள், அவராகவே ஆறு முழ அகலத்தில் ஒரு கம்பளித் துணியை எடுத்து வாதுமைத் தோல், அவுரி, இரும்புத் துரு என்று மாற்றி மாற்றிப் பதினொரு முக்கு முக்கினார். காய்ந்ததும் அதை மகனுடைய மொட்டை மாடிச் சுவரில் தம் கையாலேயே ஆணி அடித்து மாட்டினார். இதன் முன்னால் உட்காரவை, வேறெதையும் மாட்டாதே என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். மன்னிப்பு அவ்வளவுதான். அப்படி ஒரு கறுப்பு அந்த வட்டாரத்திலேயே கிடையாது என்பாள் வார்த்தெர். வெயிலை அப்படியே குடித்துவிடும்.

ஹார்புத்திலிருந்து வரும் படக்காரர்கள் ஏரியும் தூணும் அன்னமும் வரைந்த திரைகளைக் கொண்டுவருவார்கள். ஊர்ப் பணக்காரர்கள் சிலர் அதில் மயங்கி, நமக்கும் ஓர் ஏரி போடக் கூடாதா என்று ஹம்பாரிடம் கேட்டார்கள். அவர் கறுப்புத் துணியைத் தட்டித் தூசி போக்கினார். அந்தக் கறுப்பின் முன்னால் முகத்தைத் தவிரப் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. ஒளிந்துகொள்ளவும் இடம் இருக்காது.

முகத்தைத் திருத்தவும் மாட்டார். மாவு மில்காரர் அம்மைத் தழும்பை அழித்துத் தரச் சொல்லி அரை மணி நேரம் மன்றாடினார். ஹம்பார் கடைசியில் வாய் திறந்தார்.

"அமெரிக்காவுல இருக்கற உங்க பையனுக்குத்தானே அனுப்பப் போறீங்க?"

"ஆமா உஸ்தா."

"தழும்ப எடுத்துட்டா, யாரோ ஒரு பெரிய மனுஷன் படம் வந்திருக்குன்னு நெனச்சுக்குவான்."

மில்காரர் சிரித்துக்கொண்டே தழும்போடு படத்தை வாங்கிப் போனார். பையன் பதில் எழுதியிருந்தானாம், படத்தைத் தொட்டுப் பார்த்தால் தழும்பு விரலில் தட்டுகிறது என்று.

ஆண்கள் வெளிநாடு போன வீடுகள் படம் எடுக்கும்போது, இல்லாதவனுக்காக ஓர் ஆள் அகலத்துக்கு இடம் விட்டு நிற்பது எங்கள் பக்கத்து வழக்கம். வேறு ஊர்களில் அந்த இடத்தில் பிறகு ஏதாவது ஒரு படத்தை ஒட்டிக் கொடுத்துவிடுவார்கள். ஹம்பார் ஒட்டமாட்டார். வந்ததும் நிற்கட்டும் என்பார். அவர் காலத்தில் அப்படி நான்கு பேர் வந்தார்கள். நான்கு குடும்பத்தையும் பழைய படத்தைப் பார்த்து அதே இடத்தில், அதே வரிசையில் நிறுத்தி, காலியாக இருந்த இடத்தில் வந்தவனை நிற்கவைத்துக் கூலி வாங்காமல் எடுத்துக் கொடுத்தார். ஊரில் இல்லாதவனுக்குத்தான் காலி இடம். ஊரில் இருக்கிற ஒருவர் வீட்டுப் படத்தில் இல்லாமல் ஒதுங்கி நிற்பது என்பது யாரும் நினைத்துப் பார்க்காத காரியம். அது சாவைக் கூப்பிடுவது மாதிரி.

படம் எடுப்பதில் பாதி வேலை வார்த்தெருடையது. பெண்களை அந்நிய ஆண் தொட்டு நிறுத்த முடியாது, அவள்தான் நிறுத்துவாள். முக்காட்டைச் சரிசெய்வாள், குழந்தையின் மூக்கைத் துடைப்பாள். "கைக்கு ஓர் இடம் கொடு, முகம் தானா அடங்கும்" என்பது ஹம்பார் அவளுக்குச் சொல்லிக் கொடுத்த ஒரே பாடம். படம் விழும் காகிதத்துக்குப் பூச்சுப் போடுவதும் அவள் வேலை. முட்டையின் வெள்ளைக் கருவை உப்புப் போட்டு அடித்து, நுரை அடங்கியதும் காகிதத்தை அதன் மேல் மிதக்கவிட்டு எடுக்க வேண்டும். மிஞ்சுகிற மஞ்சள் கரு மற்ற நாளில் ரொட்டிக்கு ஆகும். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பில் எங்கள் கிறிஸ்தவ ஆட்கள் யாரும் முட்டை தொடமாட்டார்கள். அந்த நாட்களில் மஞ்சள் கருக் கிண்ணம் பின்சுவருக்கு மேலாக ஹவில்தார் ரெஜெப் வீட்டுக்குப் போகும். அவர் மனைவி ஜெய்னெப் கிண்ணத்தைக் கழுவி, அதில் உலர்ந்த முசுக்கொட்டைப் பழம் போட்டுத் திருப்பி அனுப்புவாள். பதினாறு வருஷமாக இது நடந்தது.

ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றைந்தாம் வருஷத்து இலையுதிர் காலத்தில் எங்கள் தெருக்களில் கும்பல் புகுந்தது, சாயப்பட்டறைகள் எரிந்தன. வீடுகள் எரிந்தன. ஹம்பார் காமிராவைக் கறுப்புத் துணியில் சுற்றி வறண்ட கிணற்றில் இறக்கியதால் அவை இரண்டும் தப்பின. அந்த வாரத்தில்தான் சேணக்காரர் வீட்டு அல்மாஸ்தின் மகள் ஸபெலை யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள். பதினாறு வயதுப் பெண். மலைக்குத் தெற்கே ஏதோ கிராமத்தில், ஒருவன் வீட்டில், வேறு பெயரில் இருக்கிறாள் என்று ஒரு வருஷம் கழித்து ஒரு கழுதைக்காரன் சொன்னான். கிராமத்தின் பெயர் அவனுக்கும் தெரியவில்லை.

அதன் பிறகு ஊர் காலியாக ஆரம்பித்தது. புது உத்தரவு வந்தது. குடும்பத்தோடு அமெரிக்கா போகிறவர்கள் இனித் திரும்புவதில்லை என்று எழுதிக் கொடுத்து, குடும்பப் படம் இரண்டு பிரதி தர வேண்டும். ஒன்று ஊர் அலுவலகத்துக்கு, ஒன்று துறைமுகத்துக்கு. படத்தில் இருக்கிற முகங்கள் பட்டியலில் ஏறும். பட்டியலில் ஏறியவர் குறித்த தேதிக்குப் பிறகு ஊரில் இருக்கக் கூடாது, எந்தக் காலத்திலும் திரும்பி வரவும் கூடாது. ஹம்பார் அந்தப் படங்களையும் அதே அக்கறையோடு எடுத்தார். ஒரே ஒரு தடவை, கையைக் கழுவிக்கொண்டே, வார்த்தெரிடம் சொன்னார்:

"ஆளு அடையாளம் தெரியணும்னுதான் இத்தன வருஷம் எடுத்தேன். இப்பவும் அதுக்குத்தான் எடுக்கச் சொல்றாங்க."



தொண்ணூற்றெட்டில், நோன்பின் நான்காம் வாரம், அல்மாஸ்தின் மகன் மானுக் தன் குடும்பத்தோடு மாடியேறி வந்தான். அவன், மனைவி நாஸ்லு, இரண்டு பையன்கள், ஆறு வயதுப் பெண் யெவா. ஐந்து பேர். கணவாய் அப்போதுதான் திறந்திருந்தது. வியாழக்கிழமை விடிகாலையில் கழுதைக் கூட்டம் கிளம்புகிறது, புதன் மதியத்துக்குள் படம் ஹவில்தார் கையில் இருக்க வேண்டும். அன்று திங்கள். ஹம்பாரிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு தகடு. சம்சுனிலிருந்து வரவேண்டிய தகடுகள் கணவாய்க்கு அந்தப் பக்கம் எங்கோ கிடந்தன.

அல்மாஸ்தும் கூட வந்திருந்தாள். அவள் போகவில்லை. ஏன் போகவில்லை என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. மானுக் கேட்டு, அழுது, சண்டை போட்டு ஓய்ந்துவிட்டான். என்றைக்காவது ஸபெல் வந்தால் அவளுக்குத் தெரிந்த கதவு ஒன்றுதான். எல்லாருடைய மேல்கோட்டுகளையும் இரண்டு கைகளிலும் அள்ளிப் பிடித்துக்கொண்டு, அல்மாஸ்த் படிக்கட்டின் ஓரத்தில் நின்றிருந்தாள்.

வார்த்தெர் ஐவரையும் நிறுத்தினாள். ஏதோ சரியாக இல்லை. யெவா தோளைக் குலுக்கிக் குலுக்கி நெளிந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் ஓர் ஆள் அகலத்துக்கு வெறும் கறுப்பு. பதினாறு வருஷப் பழக்கம் அவள் கண்ணை இழுத்தது. அவள் யோசிக்கவே இல்லை.

"அக்கா, அங்க என்ன தூண் மாதிரி நிக்கறீங்க? வாங்க இங்க. நீங்க இல்லாம ஒரு படமா?"

அல்மாஸ்தும் யோசிக்கவில்லை. கோட்டுகளைக் கீழே வைத்துவிட்டு வந்து, பேத்தியின் பின்னால் நின்று, தோளில் கையை வைத்தாள். யெவா அடங்கிவிட்டது. மானுக்கின் கண் நிறைந்திருந்தது, அவன் காமிராவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். நாஸ்லு பையனின் காலர் கவலையில் இருந்தாள். ஹம்பார் காமிராவை மூடிய துணிக்குள் தலையை விட்டிருந்தார். அங்கே எல்லாம் தலைகீழாகத் தெரியும், முகங்கள் ஆடாமல் இருக்கின்றனவா என்றுதான் பார்ப்பார், எண்ண மாட்டார். நான்கு எண்ணுவதற்குள் முடிந்தது. எல்லாரும் கோட்டுகளைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்கள். அல்மாஸ்த் போகிற போக்கில், இந்த வயதில் தனக்கும் ஒரு படம் கிடைத்தது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் ஹம்பார் தகட்டை வெளிச்சத்தில் சாய்த்து வைத்திருந்தார். பின்னால் எழுத வேண்டிய பெயர்களுக்காக வார்த்தெர் மானுக்கின் சீட்டை விரித்தாள். ஐந்து பெயர். தகட்டைப் பார்த்தாள். ஆறு முகம். இன்னொரு தடவை எண்ணினாள். 

"நான்தான் கூப்பிட்டேன்" என்றாள்.

ஹம்பார் எண்ணிப் பார்த்தார். தகட்டைக் கீழே வைத்தார். முக்காலியில் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டார். கீழே தெருவில் ஒருவன் கொண்டைக்கடலை விற்றுக்கொண்டு போனான். அவன் குரல் தெரு முனையில் தேய்ந்து மறைந்தது. அவர் திட்டியிருந்தால் தேவலாம் என்று வார்த்தெருக்கு இருந்தது. அலுவலகத்தில் உண்மையைச் சொன்னால் வேறு படம் எடுத்து வா என்பார்கள். தகடு இல்லை. அடுத்த கூட்டம் ஈஸ்டருக்குப் பிறகு, மானுக்கின் அனுமதிச் சீட்டோ அதற்குள் காலாவதி ஆகிவிடும். இருக்கிறபடி கொடுத்தால் வியாழக்கிழமை அல்மாஸ்தைக் கழுதையில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள்.

அவள் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு அல்மாஸ்த் வீட்டுக்கு ஓடினாள். அங்கே மூட்டைகளுக்கு நடுவில் அல்மாஸ்த் கோதுமை ரவையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வார்த்தெர் சொல்லி முடிக்கிற வரைக்கும் விரல்கள் நிற்கவில்லை. அவள் மோதிர விரல் சின்ன வயதில் தறியில் மாட்டி ஒடிந்து, கோணலாகக் கூடியிருந்தது. அது மட்டும் ரவையைத் தொடாமல் தனியாக நிற்கும்.

"கூப்பிட்டது நீ. வந்தது நான். பாதிப் பாதி" என்றாள் அல்மாஸ்த்.

"அக்கா, தப்பு என்னுது. ஆறு பேரு பட்டியல்ல ஏறிட்டா..."

"ஏறிட்டா போகணும். தெரியும்." கல் ஒன்றை எடுத்து ஓரமாக வைத்தாள். "கப்பல் எப்படி இருக்கும்னு ஒரு ஆச எனக்கும் உண்டுடி. பொய் சொல்லுவானேன். ஆனா அவ வந்து கதவத் தட்டறா, உள்ள வேற யாரோ இருக்காங்கன்னு வெச்சுக்க. அப்புறம் அவ எங்க போவா?"

வார்த்தெர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். எழுந்து வந்துவிட்டாள்.

திரும்பி வந்தபோது ஹம்பார் ஜன்னலோரம் மேசையைப் போட்டிருந்தார். தகடு சாய்ப்பலகையில் நின்றது. கையில் நாவிதன் கத்தி போல மெல்லிய ஒரு கத்தி. அது அவரிடம் இருந்தது அவளுக்குத் தெரியும். முகத்தின் மேல் அது பட்டு அவள் பார்த்ததில்லை.

கண்ணாடியின் மேல் இருக்கிற பூச்சைச் சுரண்டினால் அந்த இடம் காகிதத்தில் கறுப்பாக விழும். அல்மாஸ்தின் உடை கறுப்பு, பின்னால் தொங்கிய துணி கறுப்பு. வெளுப்பாக இருந்தவை அவள் முகம், வெள்ளை முக்காடு, கை, இந்த மூன்றும்தான். வேறு யாருடைய திரையாக இருந்தாலும் ஏரிக்கு நடுவில் ஓர் ஓட்டை விழுந்திருக்கும். அப்பாவின் கறுப்பு ஆளையே விழுங்கிவிடக்கூடியது.

முக்காட்டில் தொடங்கினார். மூச்சை அடக்கி ஒரு கீறல், மூச்சை விட்டு ஓய்வு. மத்தியானம் ஆயிற்று. வேகவைத்த கோதுமையும் ஊறுகாயும் கொண்டுவந்து வைத்தாள், தொடவில்லை. நெற்றி போயிற்று. கன்னம் போயிற்று. வாய் போகும்போது வார்த்தெர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெயில் ஜன்னலை விட்டு இறங்கிய நேரத்தில் அவர் கத்தியைத் துடைத்து வைத்தார்.

அவள் குனிந்து பார்த்தாள். யெவாவின் வெள்ளை உடைத் தோளில் கை அப்படியே இருந்தது. கோணல் விரலோடு.

"இது?"

"அதச் சுரண்டினா கொழந்த தோள்ல ஓட்ட விழும். முடியாது."

அவர் சொன்னது சரிதான். சுரண்டினால் ஓட்டை விழும். ஆனால் சுரண்டாமல், மேலே பென்சில் பூசி வெளுப்பாக்கி, யெவாவின் வெள்ளை உடையோடு உடையாக அதை மறைத்துவிடலாம். தீப்பொறி விழுந்து பொத்தலான ஒரு மணப்பெண்ணின் முகத்திரையை அப்படித்தான் அரை நாளில் அவர் முழுசாக்கியிருந்தார். அது அவளுக்கும் தெரியும், அவளுக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். அவர் எழுந்து மாடிக்குப் போய்க் கறுப்புத் துணியின் முன்னால் வெகுநேரம் நின்றிருந்தார். 

மேசை மேல் கிடந்த தூளை வார்த்தெர் ஒரு காகிதத்தில் கூட்டி மடித்தாள். எறிய மனம் வரவில்லை. அன்று மாலை அதை அல்மாஸ்திடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அல்மாஸ்த் பிரித்துப் பார்த்தாள்.

"என் மூஞ்சி இவ்வளவுதானா?" என்றாள். பிறகு அதை மடித்து மார்புக்குள் வைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை மதியம் ஹவில்தார் ரெஜெப் தாமே மாடியேறி வந்தார். படத்தில் கைவைத்தது தெரிந்தால் ஹம்பாருக்குச் சிறை, அல்மாஸ்துக்கு நாடு கடத்தல். ரெஜெப் முத்திரையை எச்சில் தொட்டுத் துடைத்தார். சீட்டை ஒரு கையிலும் படத்தை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு தலையாக விரலால் தொட்டு எண்ணினார். ஐந்து. சீட்டைப் பார்த்தார். ஐந்து. முத்திரையை எடுத்தவர் நிறுத்தினார். விரல் திரும்பிப் போய் யெவாவின் தோளில் நின்றது. அந்தக் கோணல் விரலை ஊரில் தெரியாதவர் யார்? அவர் வீட்டுக் குதிரைச் சேணத்தைத் தைத்ததே அந்தக் கைதான்.

"உஸ்தா, கை ஒண்ணு கூட இருக்கே."

வார்த்தெர் கையிலிருந்த முட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். நிழல் என்று சொல்லலாம், அழுக்கு என்று சொல்லலாம். ஹம்பார் அவரை நேராகப் பார்த்தார்.

"இருக்கு" என்றார்.

அவ்வளவுதான்.  ரெஜெப் கறுப்புத் துணியைப் பார்த்தார். தெற்கே, பாதி வெளுத்த மலையைப் பார்த்தார். அங்கே யார் இருக்கிறார்கள் என்று அவருக்கும் தெரிந்திருக்கும். பிறகு சீட்டைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய், எழுத்துக்கூட்டிப் படிப்பவர் போல முழு உத்தரவையும் படித்தார்.

"தலையத்தான் எண்ணச் சொல்லியிருக்கு" என்றார். "கையப் பத்தி ஒண்ணும் காணோம்."

இரண்டு பிரதிகளிலும் முத்திரை விழுந்தது. படிக்கட்டில் இரண்டு படி இறங்கியவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"தங்கச்சி, போதும்மா மஞ்சக் கரு. ஒங்க நோன்புல எங்க வீட்டுப் புள்ளைங்கதான் கொழுத்து உருண்டு கெடக்குது."

வார்த்தெர் அப்போதுதான் முட்டையைக் கீழே வைத்தாள்.

ஹம்பார் அந்தத் தகட்டிலிருந்து மூன்றாவதாக ஒரு பிரதி எடுத்து, வியாழக்கிழமை விடிகாலையில் மானுக்கின் சட்டைக்குள் திணித்தார். வேறு எந்த முகத்திலும் அதற்குப் பிறகு அந்தக் கத்தி படவில்லை.

மானுக் குடும்பம் ஃப்ரெஸ்னோவில் திராட்சைத் தோட்டம் போட்டது. யெவா அங்கே பள்ளி ஆசிரியை ஆனாள், அந்தப் படம் அவளிடம் இருக்கிறது. ரெஜெப் அடுத்த வருஷம் யேமனுக்கு மாற்றலாகிப் போய்த் திரும்பவில்லை, ஜெய்னெப் பிள்ளைகளோடு பிறந்த ஊருக்குப் போனாள். ஸபெல், மானுக் போன நான்காவது வருஷம் இலையுதிர் காலத்தில், சந்தைக்கு வெண்ணெய் கொண்டுவந்தவர்களோடு வந்து கதவைத் தட்டினாள். இடுப்பில் ஒரு குழந்தை இருந்தது. இரண்டு மணி நேரம் இருந்துவிட்டுத் திரும்பிப் போனாள். பிறகு ஒவ்வொரு வருஷமும் வந்தாள். ஹம்பார் அல்மாஸ்தையும் அவளையும் கறுப்புத் துணியின் முன்னால் நிறுத்தி ஒரு படம் எடுத்து மானுக்குக்கு அனுப்பினார். அல்மாஸ்த் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழில் தன் வீட்டிலேயே இறந்தாள். ஹம்பார் அதற்கு இரண்டு வருஷம் கழித்து, நுரையீரல் கெட்டு இறந்தார். தொள்ளாயிரத்துப் பதினைந்தில் எங்கள் ஆட்களை ஊரோடு வெளியேற்றிப் பாலைவனத்துக்கு நடத்திப்போனபோது வார்த்தெர் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு நடந்தாள். ராஸுல் அயின் பக்கத்தில், இறந்துபோன ஒரு குழந்தைக்கு அதைச் சுற்றிக் கொடுத்துவிட்டாள். அலெப்போ அனாதை விடுதியில் துணி துவைத்தாள். இருபத்து மூன்றாம் வருஷத்துக் குளிர்காலத்தில் அங்கேயே இறந்தாள்.